பட்டியலில் ஐந்து, வானத்தில் ஒன்று: சிறு எரிகல் பொழிவை எண்ணுவது எப்படி, எதற்காக

ஆகஸ்டில் பெர்செய்ட், டிசம்பரில் ஜெமினிட் என்ற பெரிய எரிகல் பொழிவுகள் வரும்போது எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஜூலை கடைசியில் வரும் ஆல்ஃபா கேப்ரிகார்னிட் பற்றி அப்படி யாரும் பேசுவதில்லை. பட்டியலில் அதற்கு நேராக "மணிக்கு 5" என்று இருக்கும். அதை நம்பி ஒரு மணி நேரம் வெட்டவெளியில் படுத்திருந்தவர் ஒரே ஒரு எரிகல்லைப் பார்த்துவிட்டு எழுந்தால், அவருடைய கண்ணிலும் கோளாறில்லை, பட்டியலிலும் தவறில்லை. அந்த 5 எதைக் குறிக்கிறது என்பதுதான் பெரும்பாலும் சொல்லாமல் விடப்படுகிறது.

பட்டியலில் உள்ள எண் உச்சி மணிவீதம், சுருக்கமாக இசட்.எச்.ஆர். பொழிவின் எரிகற்கள் கிளம்பி வருவதுபோல் தோன்றும் கதிர்ப்புள்ளி நேர் உச்சியில் இருக்க வேண்டும், பொலிவெண் (வெளிச்சத்தின் அளவு; எண் கூடினால் மங்கல்) 6.5 வரையுள்ள மங்கலான விண்மீன்களும் வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வானம் இருண்டிருக்க வேண்டும், மேகமே கூடாது. அப்படியொரு வானத்தில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பார்ப்பார் என்ற கணக்குதான் அது. நடைமுறையில் இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒன்றுசேர்வது அபூர்வம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். கதிர்ப்புள்ளி அடிவானிலிருந்து 40 பாகை உயரத்தில் இருந்தால், அந்தக் கோணத்தின் சைன் மதிப்பான 0.64 ஆல் பெருக்க வேண்டும். 5 என்பது 3.2 ஆகிவிடுகிறது. அப்புறம் வானத்தின் தரம். ஆல்ஃபா கேப்ரிகார்னிட்டில் பொலிவெண் ஒரு படி மங்கினால் எரிகற்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 2.5 மடங்காகப் பெருகுகிறது. மங்கலானவைதான் அதிகம், வெளிச்சம் கூடிய வானம் முதலில் விழுங்குவதும் அவற்றைத்தான். 6.5 வரை தெரிய வேண்டிய வானம் 5.5 வரைதான் தெரிகிறது என்றால் 3.2-ஐ 2.5 ஆல் வகுக்க வேண்டும். மிஞ்சுவது 1.3. ஓரளவு நல்ல வானத்திலேயே மணிக்கு ஒன்று. நகரத்தின் ஓரத்தில், 4.5 வரை மட்டும் தெரியும் வானத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று.

அந்த ஒன்றும் தனியாக வருவதில்லை. எந்தப் பொழிவையும் சேராத உதிரி எரிகற்கள் ஆண்டு முழுக்க விழுந்துகொண்டே இருக்கின்றன. இருண்ட இடத்தில் முன்னிரவில் மணிக்கு மூன்று நான்கு தெரியும், விடியலை நெருங்க நெருங்க பத்தையும் தாண்டும். பூமி தன் பாதையில் முன்னேறும் பக்கம் நமக்கு விடியற்காலையில்தான் திரும்புகிறது, அதனால் இந்த ஏற்றம். ஜூலை இறுதியில் இன்னும் கூட்டம் சேரும். தெற்கு டெல்டா அக்வாரிட் அதே நாட்களில்தான் உச்சம் தொடுகிறது, பெர்செய்ட் ஆரம்பித்திருக்கும். ஆக ஒரு மணி நேரத்தில் பத்து எரிகற்களைப் பார்த்தால், அதில் எந்த ஒன்று ஆல்ஃபா கேப்ரிகார்னிட் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பெரிய பொழிவில் பார்த்தாலே போதும், பத்துக்கு ஒன்பது தானாகவே அந்தப் பொழிவைச் சேர்ந்ததாக இருக்கும். சிறு பொழிவில் முக்கால்வாசி வேலை, பார்த்ததை எதில் சேர்ப்பது, எதில் சேர்க்காமல் விடுவது என்று முடிவெடுப்பதுதான்.

டென்னிங்கின் நாலாயிரம் புள்ளிகள்

இந்த முடிவு எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு வில்லியம் டென்னிங்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கணக்காளராகப் பயிற்சி பெற்ற ஆர்வலர். பத்தாண்டுக் கணக்கில் இரவிரவாக எரிகற்களைப் பார்த்து, ஒவ்வொன்றின் பாதையையும் குறித்து வைத்தவர். பெர்செய்டின் கதிர்ப்புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் நாளுக்கு நாள் நகர்கிறது என்பதை நிறுவியவர் அவர்தான். டிசம்பர் 22-ஐ ஒட்டி வரும் அர்சிட் பொழிவை முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவராகவும் அவரைச் சொல்கிறார்கள். 1899-ல் அவர் வெளியிட்ட தொகுப்பில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்ப்புள்ளிகள் இருந்தன.

அவற்றில் பெரும்பாலானவை இன்று ஏற்கப்படுவதில்லை. காரணம் அலட்சியமல்ல, அவரைவிடக் கவனமாகக் குறித்தவர்கள் குறைவு. வானத்தில் ஒரு கோட்டை வரைந்து பின்னோக்கி நீட்டினால் அது பல விண்மீன் கூட்டங்களைக் கடந்து போகும். இன்னொரு கோட்டை நீட்டினால் முதல் கோட்டை எங்காவது வெட்டித்தான் தீரும். மூன்றாவது கோடு அந்த வெட்டுப்புள்ளிக்கு அருகே போவதற்கும் நல்ல வாய்ப்பிருக்கிறது. ஓர் இரவில் நான்கைந்து எரிகற்கள் மட்டும் கிடைத்து, பல இரவுகளின் கோடுகளை ஒரே வரைபடத்தில் சேர்த்தால், இல்லாத கதிர்ப்புள்ளிகள் தாமாகவே முளைக்கும். டென்னிங்குக்கு அதுதான் நேர்ந்தது. சில புள்ளிகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட, அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாக அவர் வாதாடினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது, நாம் மோதும் திசை தினமும் ஏறக்குறைய ஒரு பாகை திரும்புகிறது. அப்படியிருக்க ஒரு புள்ளி அசையாமல் நிற்பதற்கு வழியே இல்லை. 1911-ல் அமெரிக்க எரிகல் சங்கத்தைத் தொடங்கிய சார்லஸ் ஒலிவியர் இதை விடாமல் எதிர்த்தார். அசையாப் புள்ளிகள் கடைசியில் கைவிடப்பட்டன. பெர்செய்டின் புள்ளி நகர்கிறது என்று காட்டிய அதே கண்தான் இங்கே ஏமாந்தது என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பெர்செய்டில் அவருக்கு ஓர் இரவிலேயே போதுமான கோடுகள் கிடைத்தன, மற்ற இரவுகளில் கிடைக்கவில்லை.

இந்தச் சிக்கல் அவரோடு தீர்ந்துவிடவில்லை. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் எரிகல் தரவு மையம் பராமரிக்கும் பட்டியலில் உறுதியானவை என்று ஏற்கப்பட்ட பொழிவுகள் நூற்றுச் சொச்சம்தான். உறுதிப்பட வேண்டியவை என்று காத்திருப்பவை பல நூறு. புதிய தரவு வர வர, சேர்ப்பதோடு நீக்குவதும் நடக்கிறது.

ஓர் எரிகல்லை விசாரிப்பது

ஆல்ஃபா கேப்ரிகார்னிட்டையே எடுத்துக்கொள்வோம். கதிர்ப்புள்ளி மகர விண்மீன் குழுவில், வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) சுமார் 10 பாகை தெற்கே இருக்கிறது. அதனால் இரு அரைக்கோளத்திலிருந்தும் பார்க்கலாம். நள்ளிரவையொட்டி அது உச்சமான உயரத்துக்கு வரும். தெற்கு டெல்டா அக்வாரிட்டின் புள்ளி அதற்குக் கிழக்கே சுமார் 30 பாகை தள்ளி. எரிகற்கள் விண்வெளியில் இணையான பாதைகளில் வந்தாலும், தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல, ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதாகத் தெரிகின்றன. ஆகவே முதல் கேள்வி திசை: பாதையைப் பின்னோக்கி நீட்டினால் மகரத்தில் உள்ள அந்தப் புள்ளியைத் தொடுகிறதா?

எங்கே பார்க்கிறோம் என்பது இங்கேயே முக்கியமாகிவிடுகிறது. இரண்டு கதிர்ப்புள்ளிகளையும் இணைக்கும் கோட்டின் நீட்சியில், அதாவது கிழக்கிலோ மேற்கிலோ பார்த்துக்கொண்டிருந்தால், இரண்டு பொழிவின் எரிகற்களும் ஒரே திசையில் போகும். திசையை வைத்துப் பிரிக்கவே முடியாது. அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, வடக்கே டெல்ஃபினஸ் விண்மீன் குழுவுக்கும் பெகாசஸ் குழுவின் மேற்கு ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதியைப் பார்த்தால், இரண்டும் வெவ்வேறு கோணத்தில் வந்து கடக்கும். கதிர்ப்புள்ளியையே முறைத்துப் பார்க்கச் சொல்லும் ஆலோசனை சிறு பொழிவுக்குப் பொருந்தாது. புள்ளியிலிருந்து 20 முதல் 40 பாகை விலகி, அடிவானிலிருந்து 50 பாகைக்கு மேல் பார்ப்பது நல்லது.

அடுத்தது நீளம். கதிர்ப்புள்ளிக்கு அருகில் தோன்றும் எரிகல் நம்மை நோக்கி வருவதால் பாதை குட்டையாக இருக்கும், தள்ளிப் போகப் போக நீளும். அதனால் பார்வையாளர்கள் ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறார்கள்: பாதை தொடங்கும் இடம் கதிர்ப்புள்ளியிலிருந்து பாதையின் நீளத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். 10 பாகை நீளமுள்ள ஓர் எரிகல் புள்ளியிலிருந்து 12 பாகை தூரத்தில் தொடங்கியிருந்தால், திசை எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் அது உதிரிதான்.

மூன்றாவது வேகம். என்னைக் கேட்டால் இந்தப் பொழிவில் இதுதான் தீர்ப்பு சொல்கிறது. ஆல்ஃபா கேப்ரிகார்னிட் வளிமண்டலத்தில் நுழையும் வேகம் நொடிக்கு 23 கிலோமீட்டர், தெற்கு டெல்டா அக்வாரிட் 41, பெர்செய்ட் 59. எரிகல் 90 கிலோமீட்டர் உயரத்தில், அடிவானிலிருந்து 60 பாகை மேலே, அதன் கதிர்ப்புள்ளியிலிருந்து 30 பாகை தள்ளித் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபா கேப்ரிகார்னிட் என்றால் நொடிக்கு 6 பாகை சொச்சம் நகரும், தெற்கு டெல்டா அக்வாரிட் என்றால் 11 பாகைக்கு மேல். 10 பாகைப் பாதையைக் கடக்க முன்னதற்கு ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும், பின்னது ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். சொல்லும்போது சின்ன வித்தியாசம்தான். கண்ணுக்கு அது மிகப் பெரியது: ஒன்றில் "அதோ" என்று கை நீட்ட அவகாசம் இருக்கிறது, மற்றதில் இல்லை. ஆல்ஃபா கேப்ரிகார்னிட் நிதானமாக, பெரும்பாலும் மஞ்சள் சாயலோடு, சில சமயம் நடுவில் பளிச்சிட்டு ஊர்ந்து போகும். எண்ணிக்கையில் குறைவென்றாலும் பிரகாசமான நெருப்புக்கோளங்கள் அதில் கணிசம்.

இவ்வளவுக்குப் பிறகும் மிச்சம் இருக்கிறது. சூரியனுக்கு நேரெதிர்த் திசையை ஒட்டி ஆண்டு முழுக்க எரிகற்களை அனுப்பும் பரந்த மூலம் ஒன்று உண்டு. ஜூலை இறுதியில் அது மகரம், கும்பம் பக்கமாகத்தான் கிடக்கிறது, நடுத்தர வேகம், நொடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதிலிருந்து வருவது எது, ஆல்ஃபா கேப்ரிகார்னிட் எது என்று சில எரிகற்களில் யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டதைப் பொழிவில் சேர்க்காமல் விடத் தெரிவதுதான் தேர்ச்சி. இன்று உச்ச இரவு என்று தெரிந்துகொண்டு உட்காரும்போது சந்தேகத்தின் பலனைப் பொழிவுக்கே கொடுக்கச் சொல்லி மனம் இழுக்கும். ஊரெல்லாம் அப்படிச் செய்தால், இல்லாத உச்சம் ஒன்று வரைபடத்தில் எழுந்து நிற்கும்.

இதற்காகவே சிறு பொழிவில் வரைந்து குறிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நோமோனிக் வகை வான வரைபடத்தில் எரிகல்லின் பாதை நேர்க்கோடாக விழும், ஸ்கேலை வைத்துப் பின்னோக்கி நீட்டலாம். வரைய எடுக்கும் நேரத்தில் கண் வானத்தில் இருப்பதில்லை, ஆகவே அந்த நொடிகளை மொத்த நேரத்திலிருந்து கழிக்க வேண்டும். எரிகற்கள் கொட்டும் இரவில் இந்த முறை கட்டுப்படியாகாது. மணிக்குப் பத்துப் பதினைந்து விழும் இரவுக்கு இது பாந்தமாகப் பொருந்துகிறது.

பூஜ்யத்தையும் எழுத வேண்டும்

தேவையான கருவிகள் அதிகமில்லை. சாய்ந்து படுக்க ஏதாவது, மங்கலான சிவப்பு விளக்கு, சரியான கடிகாரம், குரலைப் பதிய ஒரு வழி. கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு எரிகல்லுக்கும் நேரம், பொலிவெண், எந்தப் பொழிவு, வேகம். இடையிடையே வானத்தின் எல்லைப் பொலிவெண், அதாவது கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனின் பொலிவெண். குறித்து வைக்கப்பட்ட முக்கோணங்களுக்குள் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று எண்ணி, அட்டவணையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள். மேகம் மறைத்த பங்கையும் எழுத வேண்டும். 1988-ல் உருவான சர்வதேச எரிகல் அமைப்பு இந்த முறையை உலகம் முழுக்க ஒரே மாதிரியாக்கியது. வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு வானத்தில் எண்ணியதை ஒன்றாகச் சேர்க்க முடிவது அதனால்தான்.

எல்லைப் பொலிவெண்ணை அரைப்படி தப்பாக எழுதினால், மேலே போட்ட கணக்குப்படி, விடை ஒன்றரை மடங்குக்கு மேல் பிசகும். எரிகல்லைத் தவறவிடுவதைவிட இது மோசமான பிழை. ஆரம்பத்தில் பலர் எரிகல்லுக்குத் தரும் கவனத்தை வானத்துக்குத் தருவதில்லை.

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து ஒரு மணி நேரத்தில் ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால்? உண்மையான சராசரி மணிக்கு 1 என்றால், ஒரு மணி நேரத்தில் எதுவுமே தெரியாமல் போவதற்கு 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்றோ அதற்கு மேலோ தெரிய 8 சதவீதம். நேற்று 3, இன்று 0 என்பதால் பொழிவு ஓய்ந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. தற்செயல் எண்ணிக்கைகளில் ஊசலாட்டம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 10 எரிகல் சேர்ந்தால் கூடக்குறைய 3, 100 சேர்ந்தால் கூடக்குறைய 10. ஒருவரால் ஓரிரவில் 100 சிறு பொழிவு எரிகற்களைச் சேர்க்க முடியாது. பலர் பல இரவு சேர்ந்தால்தான் முடியும்.

பூஜ்யத்தின் அருமை இங்கேதான். ஒன்றும் தெரியாத மணி நேரத்தை வீண் என்று நினைத்து அறிக்கையில் சேர்க்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் எல்லோரும் அப்படி விட்டால், மீதமுள்ள அறிக்கைகளின் சராசரி 1 அல்ல, 1.58. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பொழிவு 58 சதவீதம் பெரிதாகிவிடும். பெரிய பொழிவுகளில் பூஜ்ய மணி நேரமே வருவதில்லை என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை கிடையாது. பொழிவு சிறிதாகச் சிறிதாக இந்த ஊதிப்பெருக்கம் வளர்கிறது. உச்சி மணிவீதம் 2-க்கும் கீழே போனால் வெறும் கண்ணால் உதிரிகளிலிருந்து பிரிப்பதே சாத்தியமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எதற்காக இந்தப் பாடு

சிறு பொழிவுகள் எப்போதும் சிறிதாகவே இருப்பதில்லை. செப்டம்பர் 1-ஐ ஒட்டி வரும் ஆரிகிட் சாதாரண ஆண்டுகளில் மணிக்கு ஐந்தாறுதான். 1935-ல் ஜெர்மனியின் சோன்னபெர்கில் வானியலாளர் கூனோ ஹோஃப்மைஸ்டரும் அவருடைய சக ஆய்வாளரும் அது திடீரென்று பொங்கியதைப் பார்த்தார்கள். 1986-ல் ஹங்கேரியில் ஓர் ஆர்வலர் பார்த்தார். 1994-ல் கலிஃபோர்னியாவில் இருவர். ஒவ்வொரு தடவையும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை சூரியனை நெருங்கும் கீஸ் என்ற வால்மீன், 1911-ல் காணப்பட்டது, முன்பொரு வருகையில் விட்டுச் சென்ற மெல்லிய தூசித்தடம் அது. அந்தத் தனித்தனிப் பதிவுகளை வைத்துத்தான் எரிகல் ஆய்வாளர்கள் பீட்டர் ஜென்னிஸ்கன்ஸும் எஸ்கோ லியூட்டினெனும் தடம் எப்போது பூமியின் பாதையைத் தொடும் என்று கணக்கிட்டார்கள். 2007 செப்டம்பர் 1-க்கு முன்கூட்டியே சொன்னார்கள், வந்தது. விமானங்களில் கருவிகளோடு காத்திருந்து பதிவு செய்தார்கள். 1935-லும் 1986-லும் அந்தச் சிலரும் தூங்கப் போயிருந்தால், கணக்கில் வைக்க ஒன்றுமே இருந்திருக்காது.

நவம்பர் 21, 22-ல் வரும் ஆல்ஃபா மோனோசெரோட்டிட்டும் இதே இனம். 1925, 1935, 1985 என்று வெடித்ததை வைத்து 1995-க்கு முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டது. சொன்னபடியே குறுகிய நேரத்துக்கு, மணிக்குச் சில நூறு என்ற வீதத்தில் கொட்டியது. 2019-லும் ஒரு வெடிப்பை எதிர்பார்த்தார்கள். வந்தது எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு. இரண்டு முடிவுமே தூசித்தடத்தின் அகலத்தைப் பற்றிச் சொல்கின்றன, இரண்டுக்கும் யாராவது எண்ணியிருக்க வேண்டும். ஜூன் பூட்டிட் 1927-க்குப் பிறகு அநேகமாக மறக்கப்பட்டிருந்தது. 1998 ஜூன் 27 அன்று அறிவிப்பே இல்லாமல் மணிநேரக் கணக்கில் பொழிந்தது.

ஆல்ஃபா கேப்ரிகார்னிட்டுக்கும் ஒரு கதை உண்டு. அதன் தாய் 169பி/நீட் என்ற வால்மீன். 2002-ல் கண்டுபிடிக்கப்பட்டபோது சிறுகோள் என்றுதான் நினைத்தார்கள், பிறகுதான் வால்மீன் போன்ற மெல்லிய செயல்பாடு தெரிந்தது. ஜென்னிஸ்கன்ஸும் ஜெரமி வோபையோனும் 2010-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பொருளின் ஏறக்குறைய பாதி உடைந்து தூசியானது. தூசியின் அடர்ந்த பகுதி இன்னும் பூமியின் பாதைக்கு வந்து சேரவில்லை. 2220-க்கும் 2420-க்கும் இடையே இது இன்றைய எந்த ஆண்டுப் பொழிவையும் மிஞ்சும் என்பது அவர்கள் கணிப்பு. இன்று மணிக்கு ஒன்று என்று நாம் எழுதி வைப்பது, அந்த ஏற்றத்தின் தொடக்கப் புள்ளிகளாக அன்றைக்கு இருக்கும்.

கேமராக்கள் வந்தபிறகு கண்ணால் எண்ண வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. 2010-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கேம்ஸ் வலையமைப்பும், சிறு கணினிப் பலகையையும் கண்காணிப்புக் கேமராவையும் கொண்டு ஆர்வலர்கள் வீட்டிலேயே அமைத்துக்கொள்ளும் குளோபல் மீடியர் நெட்வொர்க்கும், ஒரே எரிகல்லை இரண்டு இடத்திலிருந்து படம்பிடித்து அதன் சுற்றுப்பாதையையே கணக்கிட்டுவிடுகின்றன. கண்ணால் அது முடியாது. 2011 பிப்ரவரி 4 அன்று சில மணி நேரம் மட்டும் தலைகாட்டிய பிப்ரவரி ஈட்டா டிராகோனிட் பொழிவு கேமராவால்தான் கண்டுபிடிக்கப்பட்டது. புதிய சிறு பொழிவுகளைத் தேடும் வேலை கேமராவுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பத்தாண்டுகளைத் தாண்டி ஒப்பிட வேண்டுமானால் கையில் இருப்பது கண்ணால் எண்ணிய வரிசை. லென்ஸும் உணரியும் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன. 1985-ல் எண்ணிய கண்ணும் இன்று எண்ணும் கண்ணும் ஒரே அளவுகோலில் உட்காரும்.

இனித் தொடங்க நினைப்பவருக்கு நான் கப்பா சிக்னிட்டைச் சொல்வேன். ஆகஸ்ட் 16, 17-ஐ ஒட்டி உச்சம், சாதாரண ஆண்டுகளில் உச்சி மணிவீதம் 3 அளவில், ஆல்ஃபா கேப்ரிகார்னிட் போலவே மெதுவானது. பக்கத்தில் பெர்செய்டின் மிச்சம் அதிவேகமாகப் பாய்ந்துகொண்டிருப்பதால் வேகத்தை வைத்துப் பிரித்துப் பழக இதைவிட நல்ல வாரம் கிடைக்காது. கதிர்ப்புள்ளி வடவானில் இருப்பதால் வடக்கு அரைக்கோளத்தில் உள்ளவர்களுக்கே வசதி. இந்தப் பொழிவு 2007, 2014, 2021 என்று ஏழாண்டுக்கு ஒருமுறை கூடியிருக்கிறது. அந்த வரிசை தொடர்ந்தால் அடுத்தது 2028. அந்த ஆகஸ்டில் அமாவாசை 20-ஆம் தேதி, ஆகவே உச்ச இரவுகளில் விடியலுக்கு முன் எழும் தேய்பிறை நிலாதான் இருக்கும், வானம் இருட்டாகவே கிடைக்கும். கூடியிருக்கிறதா என்று அப்போது சொல்ல, அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே ஆள் அதே வானத்தில் எண்ணிய மூன்றுகளும் ஒன்றுகளும் பூஜ்யங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும்.